தெரியாமைக் கொள்கை

ஒரு பல்கலைக்கழகம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரு கொள்கை வேண்டும். அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றுக்கும் கொள்கை இருந்தது. கரும்பலகையை எந்தப் பக்கத்திலிருந்து அழிக்கத் தொடங்குவது, மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது, இரங்கல் கூட்டத்தில் எவ்வளவு நேரம் வருந்துவது என்று ஒன்று விடாமல் வகுத்து வைத்திருந்தார்கள். ஆகவே, இயற்பியல் விரிவுரையாளர் ஒருநாள் வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டபோது, அதற்கு மட்டும் கொள்கை இல்லை என்பதைக் கண்டு நிர்வாகம் ஆடிப்போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். "மேடம், பனிக்கட்டி ஏன் வழுக்குது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"அழுத்தத்துல உருகுதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. ஆனா அது மட்டும் போதுமான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நிஜமாச் சொல்லணும்னா, எனக்குத் தெரியாது. பார்த்துட்டு வந்து சொல்றேன்."

மாணவிக்கு மேடத்தை மிகவும் பிடித்துப்போயிற்று. ஆசிரியர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பெட்டியில், "எங்கள் மேடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்" என்று புகழ்ந்து எழுதிப் போட்டாள். அந்தப் புகழ்ச்சிதான் வினையாய் முடிந்தது.

மறுநாளே பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஓராண்டு முடியவில்லை. பணி நிரந்தரம் ஆகவில்லை. இந்த வேலைக்காகக் கணவர் மாற்றல் வாங்கி வந்திருந்தார், மகள் பள்ளிக்கூடம் மாறியிருந்தாள். மேடம் பதிவாளர் முன் போய் நின்றார்.

"மேடம், நீங்க தெரியாதுன்னு சொன்னது உண்மையா?"

"உண்மைதான் சார்."

"யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"தெரியாதுன்னு சொல்றதுக்கு அனுமதி வாங்கணும்னு எனக்குத் தெரியாது சார்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திரும்பவும் சொல்றீங்க பாருங்க. அதுவும் என் முன்னாடியே!"

விவகாரம் கல்விக் குழுவுக்குப் போயிற்று. நீள மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள் உட்கார்ந்தார்கள். 'திருத்தம்' என்று பட்டப்பெயர் வாங்கிய வரலாற்றுப் பேராசிரியரும் வந்திருந்தார். எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு திருத்தம் கொடுக்காமல் அவர் எழுந்ததில்லை. ஒருமுறை, கூட்டம் முடிந்தது என்ற அறிவிப்புக்கே திருத்தம் கொடுத்து, கூட்டத்தை இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியவர்.

"இந்த மேடத்தின்மேல் நடவடிக்கை எடுப்பதா வேண்டாமா?" என்று துணைவேந்தர் தொடங்கினார்.

"நடவடிக்கை எடுக்கணும்னா விதி இருக்கணும். விதியே இல்லையே," என்றார் பதிவாளர்.

"அப்படின்னா விதி போடுவோம். ஒருத்தர் எவ்வளவு தெரியாம இருக்கலாம்னு ஒரு வரையறை வேணும். தற்செயல் விடுப்பு மாதிரி," என்றார் ஒரு பேராசிரியர்.

துணைவேந்தர் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு கொள்கை உலகத்தில் எங்குமே இல்லை என்று யாரோ சொன்னார்கள். ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. பருவத்துக்கு ஆளுக்கு நான்கு 'தெரியாது' என்று தீர்மானம் தயாரானது. திருத்தம் எழுந்தார்.

"எல்லாருக்கும் நாலா? இருபத்தஞ்சு வருஷமா இங்க குப்பை கொட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கும்! நேத்து வந்த இந்தப் பொண்ணுக்கும் எனக்கும் ஒரே அளவா?"

நியாயமான பேச்சு என்று எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். விரிவுரையாளருக்கு நான்கு, இணைப் பேராசிரியருக்கு எட்டு, பேராசிரியருக்குப் பன்னிரண்டு, துணைவேந்தருக்கு வரம்பில்லை என்று முடிவானது. "ஞாபகம் வரவில்லை" என்பதை அரையாகக் கணக்கிடுவது, பருவ முடிவில் மீதமிருப்பவை காலாவதியாகும், தேவைப்பட்டவர்க்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பவை துணை விதிகள். தெரியாமல் இருக்க விரும்புகிறவர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பது தலையாய விதி.

மேடத்தால் பொறுக்க முடியவில்லை. "சார், எது தெரியாதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னே தெரியலேன்னா அது ரெண்டு தெரியாமை மேடம்," என்றார் பதிவாளர் பொறுமையாக. "ரெண்டாக் கழிச்சிடுவோம்."

பழைய தேதியிட்டுக் கொள்கை அமலுக்கு வந்ததால், பனிக்கட்டிக்காக மேடத்தின் கணக்கில் ஒன்று கழிந்தது. மூன்று மிஞ்சின.

அதைக் கேட்டு வீட்டில் கணவர் சிரி சிரி என்று சிரித்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர். எதற்கும் அசராதவர்.

"மூணு இருக்கில்ல? சிக்கனமா வச்சுக்கோ."

"சிரிக்காதீங்க. நாலும் தீர்ந்துட்டா வேலை நிரந்தரம் ஆகாதாம்."

அன்றிலிருந்து மேடம் விழுந்து விழுந்து படித்தார். பனிக்கட்டியின் மேல்பரப்பில் இருக்கும் துகள்கள் உள்ளே இருப்பவை போல இறுக்கமாகக் கட்டுப்பட்டிருக்கவில்லை, தளர்வாக அசைந்துகொண்டே இருக்கின்றன, வழுக்கலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று படித்தபோது சின்னப் பிள்ளை போலக் குதித்தார். மறுநாள் வகுப்பில் படம் போட்டுச் சொன்னார். மாணவர்கள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பதிவாளரிடமிருந்து மறுபடி அழைப்பு வந்தது.

"பனிக்கட்டி விஷயத்துல உங்க தெரியாமை முறைப்படி அங்கீகரிக்கப்பட்டாச்சு. இப்ப திடீர்னு தெரிஞ்சுக்கிட்டா எப்படி? எங்களுக்கு ஒரு தகவல் கூட இல்லையே!"

"சார், படிச்சேன். தெரிஞ்சுது."

"அது ஒழுங்கீனம் மேடம். இனிமே தெரிஞ்சுக்கிறதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க."

இதற்கிடையில் பருவம் முடியும் தறுவாய்க்கு வந்தது. காலாவதியாகும் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூடத் தெரியாது என்று வாய் திறக்காத பேராசிரியர்கள் எல்லாம், சேர்த்து வைத்ததைச் செலவழிக்கப் புறப்பட்டார்கள். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்ட மாணவனிடம் புவியியல் பேராசிரியர் பெருமையாகத் தெரியாது என்றார். திருத்தம் ஒரே வகுப்பில் ஒரு பேரரசு முழுவதையும் தெரியாமல் போக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். ஊழியர் சங்கம் வாயிலில் உட்கார்ந்து, கற்பிப்பவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று முழக்கமிட்டது. கோரிக்கை ஏற்கப்பட்டது. அடுத்த நாள் முதல் நூலகர் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதையும், மின் ஊழியர் எந்தப் பொத்தான் எந்த விளக்குக்கு என்பதையும் சட்டப்படி அறியாதவர்கள் ஆனார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தர ஆய்வுக் குழு வந்தது. அவர்கள் தரச்சான்று கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். இருட்டுக் கூடத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்துக் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் கொள்கையை வரிக்கு வரி படித்துத் தலையாட்டினார்.

"அருமை. ஒரே ஒரு கேள்வி. இதனால மாணவர்களுக்கு என்ன பயன்?"

துணைவேந்தர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் திருத்தத்தைப் பார்த்தார். திருத்தம் காலணியைப் பார்த்தார். எல்லோர் கணக்கும் சுத்தமாகத் தீர்ந்திருந்தது. துணைவேந்தருக்கு வரம்பில்லைதான். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கவில்லை.

பதிவாளர் மெல்லச் சாய்ந்து, "மேடம், உங்ககிட்ட மூணு இருக்கே," என்று கிசுகிசுத்தார். "விண்ணப்பத்தை நான் இப்பவே போட்டுக்கறேன்."

மேடம் எழுந்தார். பல மாதங்களாக அவர் மனதில் கிடந்த பதிலும் அதுவாகத்தான் இருந்தது.

"தெரியாது சார்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இவ்வளவு முறையாகத் தெரியாத ஒரு நிறுவனத்தைத் தாம் கண்டதில்லை என்று சொல்லி, தலைவர் முதல்தரச் சான்று எழுதினார். மேடத்தின் பணி அந்த இடத்திலேயே நிரந்தரமாக்கப்பட்டது.

புறப்படும்போது தலைவர் மேடத்தைத் தனியே அழைத்தார். "அம்மா, அடுத்த வாரம் மேலிடத்துல எங்களுக்கு ஒரு கூட்டம். வருஷா வருஷம் எதுக்கு இந்த ஆய்வுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு முழிச்சிட்டிருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு இருந்தா மாத்திக் கொடுப்பீங்களா?"

கொடுத்தார்.

சாயங்காலம் செய்தி கேட்டுக் கணவர் மகிழ்ந்துபோனார். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அப்ப இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கே," என்றார் கணவர். "காலாவதி ஆகறதுக்குள்ள நான் ஒரு கேள்வி கேக்கட்டுமா?"

"முடியாதுங்க. அதைத் துணைவேந்தர் கேட்டு வாங்கிட்டார்."

"அவருக்கு எதுக்கு? அவருக்குத்தான் வரம்பே இல்லையே!"

"முன்கூட்டியே விண்ணப்பிக்க இந்தத் தடவையும் மறந்துட்டாராம். மாத்தி வாங்கினதுக்கு விண்ணப்பம் வேண்டாமாம். நாளைக்குப் பட்டமளிப்பு விழா. பட்டத்தைக் கையில வாங்கினதும் பசங்க, 'அடுத்து என்ன சார் பண்றது?'ன்னு கேப்பாங்களாம்."