ஏரிக்கரைச் சத்தம்

களி ஆறியிருந்தது. கருப்பன் விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழவில்லை.

"இன்னா ரத்னம்மா, எப்போ கிண்டினே?"

"தினம் கிண்டற நேரத்துக்குத்தான். நீதான் லேட்டு."

இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. பெட்ரோலில் ஓடும் அவருடைய பழைய லாரி சாந்திபுரத்து ஏரிக்கரையில் திரும்பும்போதே அதன் படபடப்பு ஊருக்குள் கேட்டுவிடும். அவர் வண்டியை நிறுத்திக் கை கழுவி உட்கார்ந்தால் தட்டில் களி ஆவி பறக்கும். "என் சத்தத்துக்குக் காத வெச்சிக்கினே இருப்பா" என்று தக்காளி மண்டியில் அவர் சொல்லாத ஆள் கிடையாது.

இப்போது சத்தம் இல்லை. அன்றுதான் சித்தூரில் மேனிஃபோல்டை மாற்றியிருந்தார். என்ஜினின் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் அந்த இரும்பு விரிசல் விட்டு, பாதிப் புகை அவர் மூக்குக்கே வந்துகொண்டிருந்தது. மாற்றச் சொன்னதே ரத்னம்மாதான். "ராத்திரி நீ இருமினா கட்டிலே ஆடுது. மாத்திடுய்யா."

மாற்றியதும் லாரி பூனை மாதிரி வந்தது. ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் வெங்கட்டும் முடி கொடுக்கத் திருப்பதிக்குப் போயிருந்தான். கடை பூட்டிக் கிடந்தது. அவர் ஊருக்குள் வந்ததை நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

களி ஆறியதில் அவருக்கு வருத்தமில்லை. ஒருத்தி எங்கோ தனக்காகக் காது கொடுத்திருக்கிறாள் என்ற நினைப்பில்தான் அத்தனை வருஷமும் வண்டி ஓட்டியிருக்கிறார். அது இல்லாமல் வீடு திரும்புவது, பூட்டிய வீட்டுக்குத் திரும்புவதுபோல் இருந்தது. அவளிடம் குறை சொல்லவும் முடியாது. அவர் எதைப் பேசினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வயதிலும் இப்படிப் பார்க்கிறாளே என்று அவருக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

மறுநாள் மேனிஃபோல்டின் நட்டுகள் இரண்டைத் தளர்த்திவிட்டார். படபடப்பு வரவில்லை, விசில் வந்தது.

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "அண்ணா, உன் லாரி விசிலுக்கு நான் குக்கர நிறுத்திட்டேன். பருப்பு வேகவே இல்ல!"

களியும் ஆறித்தான் இருந்தது.

அடுத்த நாள் நட்டுகளை இறுக்கிவிட்டு, ஏரிக்கரையிலிருந்தே ஹாரனை விடாமல் அழுத்தினார். கரையில் மேய்ந்த எருமைகள் மொத்தமும் ஏரிக்குள் இறங்கிவிட்டன. அவற்றைக் கரையேற்றி, எருமைக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தார். களி உருண்டையைத் தூக்கினால் தட்டும் கூடவே வந்தது.

"ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?"

ரத்னம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மிக்ஸி போட்டுக்கினு இருந்தேன்."

அன்றிரவு வீட்டில் மிக்ஸியில் அரைத்த பண்டம் ஒன்றுமே இல்லை என்பதைக் கருப்பன் கவனித்தார். கேட்டும் கேளாமல் இருக்கிறாள் என்று எண்ணினார். மனசு இன்னும் கனத்தது.

விடிந்ததும் சித்தூருக்குப் போய் மெக்கானிக் ஹரிபாபு முன்னால் நின்றார்.

"பழச மாட்டு."

"ஏமி மாமா இது! ஊரே சத்தத்தக் கொறைன்னு வருது, நீ சத்தம் வேணும்னு வர்றே?"

"சத்தம் கேட்டாத்தான் அவ களி கிண்டுவா."

"ஒரு போன் போடேன்."

"போன் போட்டுக் கிண்டச் சொன்னா அது ஆர்டர்டா. தானா கேட்டுக் கிண்டணும்."

ஹரிபாபு அவரை ஒரு மாதிரி பார்த்தான். எடைக்குப் போட வைத்திருந்த விரிசல் மேனிஃபோல்டைத் தேடி எடுத்து, தலையில் அடித்துக்கொண்டே மாட்டினான்.

திரும்பும் வழியெல்லாம் கருப்பன் இருமினார். ஏரிக்கரையில் திரும்பியபோது மரத்துக் காக்கைகள் எழும்பின. வெங்கட் திரும்பி வந்திருந்தான்; மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கடை வாசலில் நின்று கையை ஆட்டினான்.

வீட்டில் களி ஆவி பறந்தது.

"இன்னாய்யா, கண்ணுல தண்ணி?"

"புகை" என்றார் கருப்பன். இரண்டாவது உருண்டையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது வெங்கட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேச்சுக்கு நடுவில் இருமல் வந்து டீ பாதி சட்டையில் கொட்டியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வெங்கட், வடிகட்டியைக் கீழே வைத்தான்.

"மாமா, புதுசையே மாட்டிக்கோ. அத்தைக்குக் காது கேக்காம போயி மூணு வருசமாவுது. நீ என் கடையத் தாண்டினதும் நான்தான் போன் அடிப்பேன், அது இடுப்புல உதறும், அத்தை களி கிண்டும். உன் பெரும போயிடுமேன்னு, உங்கிட்ட சொல்லவேணாம்னு சத்தியம் வாங்கிக்கிச்சு."