நல்ல கறிக்குழம்பின் மீது நான் போட்ட பழி

ஒரு நல்ல கறிக்குழம்பைக் கெட்டுப்போனது என்று சொல்லி, அதைச் சமைத்த பெண்மணியைச் சபையில் தலைகுனிய வைத்தவன் நான். அப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அறியாத வயது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

படித்தவன் வேறு. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றேன். தவளையின் இரைப்பை முதல் மாட்டின் இரைப்பை வரை கரும்பலகையில் வரைந்து தள்ளியிருக்கிறேன். சொந்த இரைப்பையைத்தான் கவனிக்கவில்லை. அது பண்டிகைக்கு முந்தின நாள் கிரைண்டர் மாதிரி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை வந்தது, மூட்டு போனது, படுத்தால் மூச்சு முட்டியது. கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து, ஒரு வாழைப்பழம் அளவுக்கு இரைப்பையை விட்டுவைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இந்த விஷயம் மனைவி கோமதிக்கும் மகன் சரவணனுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு, கிட்னியில் கல் என்று சொன்னோம். எல்லாம் என் கௌரவத்துக்காக. காலையில் மைதானத்தில் நடக்க வருகிறவர்களை நிறுத்தி நிறுத்தி, "வாயைக் கட்டணும்யா" என்று புத்தி சொன்னவன் நான். (சொல்லிவிட்டு நேராக வடைக் கடைக்குப் போவேன்.) அப்படிப்பட்டவன் வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு நடப்பது?

உடம்பு மளமளவென்று வற்றியது. பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. மோதிரம் ஒருநாள் ரசத்துக்குள் விழுந்தது. ஜவுளிக்கடை பாய் கோமதியை ஓரமாகக் கூப்பிட்டு, "சாருக்குப் பெரிய சீக்கா? மறைக்காமச் சொல்லுங்கம்மா" என்று கண் கலங்கியிருக்கிறார். நானோ, கேட்டவர்களிடமெல்லாம் "கம்பங்கூழும் நடையும்தான்" என்றேன். அதை நம்பி இரண்டு பேர் கூழுக்கு மாறியது தனிப் பாவம்.

உண்மையில் நான் சாப்பிட்டது குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற அளவுதான். ஒவ்வொரு வாயையும் மாவாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. இனிப்பு ஆகவே ஆகாது.

இந்த நிலையில்தான் சரவணன், தன்னோடு தூத்துக்குடியில் வேலை பார்க்கும் முத்துச்செல்வியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பெண்ணுக்கு நாகலாபுரம். நல்ல சம்சாரிக் குடும்பம், சொந்த விவசாயம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம்.

எங்கள் பக்கம் பேச்சு முடிகிற வரை பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டோம், காபியோடு சரி. எல்லாம் ஒத்துப்போனால் அவர்கள் விருந்து வைப்பார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் அந்த இலையில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. தின்னாமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம்.

விருந்துக்குப் போகும்போது காரில் கோமதி சொன்னாள்: "அவியட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஆபரேஷன் பண்ணினது ஒண்ணும் குத்தமில்லையே."

"மொத விருந்துலயே வயித்தக் காட்டச் சொல்லுதியா? அதெல்லாம் நான் சமாளிச்சுக்கிடுதேன்."

பெண்ணின் தாயார் சண்முகத்தாய் விடியும் முன்பே அடுப்பு மூட்டியிருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் குழம்புக்கு மசாலா கூட்ட அவரைத்தான் கூப்பிடுவார்களாம். என் இலைக்கு அவரே வந்து பரிமாறினார். முதலில் கேசரி. மறுக்க முடியுமா? தின்றேன். சோறு வருவதற்குள் நெஞ்சு படபடத்து, வேர்வை காதோரம் இறங்கியது. அடுத்து கறி. ஒரு துண்டை வாயில் போட்டு மருத்துவர் சொன்னபடி மென்றேன், மென்றுகொண்டே இருந்தேன். பந்தி முழுவதும் என் தாடையைப் பார்த்தது.

"என்ன அண்ணாச்சி, வேகலையா?" என்றார் சண்முகத்தாய், முகம் மாறி.

"சேச்சே" என்று அப்படியே விழுங்கினேன். மழை பெய்த கரிசலில் இறங்கிய டிராக்டர் சக்கரம் மாதிரி அது நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. தள்ளிவிடலாம் என்று ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தேன். விலங்கியல் படித்தவன் செய்கிற காரியமா அது?

இலையை மடித்துவிட்டு எழுந்து ஓடினேன். உள்பக்கமாக மடித்தேனா, துக்க வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக மடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. பார்த்தவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

கொல்லையில் வேலியோரம் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நிமிர்ந்தால், பின்னால் பாதிப் பந்தி நிற்கிறது. சண்முகத்தாய் செம்பில் தண்ணீரோடு முன்னால் நின்றார்.

"ஒத்துக்கிடலையா அண்ணாச்சி?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இது: "கறி ஒரு மாதிரி வாடை அடிக்குது. ஒங்களுக்குத் தெரியலையா?"

சொன்னது என் குரல்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. சண்முகத்தாய் செம்பைத் தரையில் வைத்தார். உள்ளே போய் ஓர் ஆளின் உதவியோடு குழம்பு அண்டாவைத் தூக்கிவந்து வேலிக்கு அப்பால் கவிழ்த்தார். அதுவரை ருசித்துத் தின்றுகொண்டிருந்த என் மச்சினர் பெரியசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, நான் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தார். தெருநாய்கள் கூடி அண்டாக் குழம்பைத் தின்றன. ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் கவனிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கோமதி ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "இத்தனை வருசம் நீங்க எம்புட்டுத் தின்னாலும் நான் பேசலை. இன்னைக்கு ஒரு பொம்பளையோட பேரைத் தின்னுட்டு வந்திருக்கீங்க."

அடுத்த நாளே நாகலாபுரத்தில் பேச்சாகிவிட்டது. ஒரு காதுகுத்துக்கு மசாலா கூட்டச் சொல்லியிருந்தவர்கள், வேண்டாம் என்று சண்முகத்தாய்க்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் அடுப்படிப் பக்கமே போகவில்லையாம். முத்துச்செல்வி சரவணனுக்குப் போன் செய்து, "எங்கம்மா சமைச்சதை நாறுதுன்னு சொன்ன வீட்டுக்கு நான் வர மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

சரவணன் என் முன்னால் வந்து நின்றான். "நீங்க போய்ச் சொல்லுதீங்களா, நான் சொல்லவா?"

போனேன். கோமதியும் பெரியசாமியும் கூட வந்தார்கள். வாசலில் சண்முகத்தாயும் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், சட்டையைத் தூக்கிவிட்டேன். தொங்கிய தோலையும் தழும்புகளையும் பார்த்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வகுப்பெடுப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்: ஆபரேஷன், கிட்னிக் கல், கம்பங்கூழ், கேசரி.

"அப்போ கறி நாறலை?" என்றார் சண்முகத்தாய்.

"இல்லம்மா. மணமா இருந்துச்சு. பொய் சொன்னேன்."

"நாய் தின்னுட்டு நல்லாத்தான் கெடந்துச்சு. ராத்திரி முழுக்க அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

பின்னாலிருந்து பெரியசாமி, "அப்ப நான் எதுக்குய்யா வாந்தி எடுத்தேன்?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சண்முகத்தாய் உள்ளே போய் அடுப்பை மூட்டினார். இலை போட்டார். கறியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். "இப்ப எம்புட்டு நேரம் வேணும்னாலும் சவைங்க" என்றார். அத்தனை பேருக்கு நடுவே நான் மென்று முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. கல்யாணம் நடந்தது. காதுகுத்து வீட்டுக்கும் நானே போய், என் வயிற்றைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

இப்போதும் இரண்டு வீட்டில் எங்கே விருந்து என்றாலும், எனக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் குழம்பு வராமல் பந்தி தொடங்காது. "புரொபசர் மோந்து பாக்கட்டும்" என்று பெரியசாமி அறிவிப்பார். நான் முகர்ந்து, "நல்லா இருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சண்முகத்தாய் மட்டும் கையில் கரண்டியோடு, நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.