பொறுமையின் நூற்றுப் பதினெட்டுப் பிரதிகள் குறித்து

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் பாக்கியசீலன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜெபகனியின் கணவன் வேதமாணிக்கம் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. தேவகிருபையால் இங்கே இருவரும் சுகம். ஜெபகனிக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது; விரல்கள் மட்டும் தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கின்றன. வள்ளியூரில் உங்கள் சர்க்கரையும் மதினியின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இக்கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

விஷயம் இதுதான். புத்தகக் கட்டுகளைச் சபைக் கூட்டத்துக்கு ஏற்றிப்போக வருகிற சனிக்கிழமை வேன் பிடித்து வருவதாகச் சொன்னீர்கள். வேன் வேண்டாம், பஸ்ஸே போதும். ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு எழுதி அச்சிட்ட 'இல்வாழ்க்கையில் பொறுமையின் இடம்' நூலின் விற்காத பிரதிகள் நூற்றுப் பதினெட்டை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த மாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனது பதினோரு வருஷத்துக்கு முன்பு. கருவூலத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 'அடுத்த மாதம்' என்றால் என்ன பொருள் என்று தெரியும், ஆகவே கேட்கவில்லை. பரண் பாட்டுக்குப் பரணாக இருந்தது. போன வருஷம் ஜெபகனிக்கு முட்டுவலி வந்து வெளியே நடமாட்டம் குறைந்ததும் செல்போன் வீடியோவில் ஒரு பெண்மணி அவளுக்கு அறிமுகமானாள். பழைய புத்தகத் தாளில் ரோஜா செய்கிறவள். ஜெபகனி முதலில் செய்தித்தாளில் செய்து பார்த்தாள், மை கையில் ஒட்டியது. என் பழைய சர்வீஸ் விதிப் புத்தகங்களில் செய்தாள், அதில் பூத்த பூக்கள் என்னைப் போலவே இருந்தன. பழுப்பேறிய, ஆனால் யாரும் புரட்டாத தாள்தான் மடிப்புக்கு உகந்தது என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டாள். இரண்டு தகுதியும் சேர்ந்த தாள் இந்த ஜில்லாவிலேயே எங்கள் பரணில்தான் இருந்தது. நான் ஆட்சேபித்தேன். "சும்மா கிடந்து செல்லு அரிக்கதுக்கு, பூவா இருந்துட்டுப் போவட்டும். அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாவ" என்றாள். அத்தோடு ஆட்சேபம் பைசல் செய்யப்பட்டது.

முதல் அத்தியாயம் ரோஜாவாயிற்று. இரண்டும் மூன்றும் வாசல் தோரணம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் பதினாறு வீட்டில் தொங்கிய நட்சத்திரங்கள் உங்கள் 'மாமியார் மருமகள் ஒற்றுமை' அத்தியாயம். மழையில் நனைந்தும் கிழியவில்லை, நல்ல தாளாகத்தான் போட்டிருக்கிறீர்கள். மிச்சத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, காகிதக்கூழ்க் கூடை செய்தாள். ஒரு கூடைக்கு இரண்டு பிரதி பிடித்தது. வருகிறவர்கள் எல்லாரும் ஒன்று கேட்டு வாங்கிப் போனார்கள். உங்கள் புத்தகத்தை இத்தனை பேர் விரும்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது இப்படியே போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இராது. அறுப்பின் பண்டிகை வந்தது. வழக்கம்போல ஆராதனை முடிந்து ஏலம். சேவல், வாழைத்தார், உடன்குடிக் கருப்பட்டி, நடுவில் ஜெபகனி காணிக்கையாக வைத்த காகிதப் பூங்கொத்து. ஏலம் விட்டவர் உபதேசியார் எபனேசர். பூசணிக்காயையே பத்து நிமிஷம் புகழ்கிறவர், பூங்கொத்தை விடுவாரா? ஓர் இதழில் எழுத்தைக் கண்டு உரக்க வாசித்தார்: 'மனைவி கோபமாகப் பேசும்போது கணவனானவன் உடனே'. அங்கே கத்தரி விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் 'என்பதே என் முப்பதாண்டு அனுபவம்' என்று இருந்தது. இடையில் உள்ளதைக் காணோம். சபையே சிரித்தது. பிறகு சிரிப்பு நின்று, எல்லாருக்கும் நிஜமாகவே தெரிய வேண்டியதாயிற்று. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப வேண்டும் என்றார் ஒருவர். பெண்கள் பக்கம் வேறு விதமாகச் சொன்னார்கள். அசனப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போதும் இதே பேச்சு. ஆளாளுக்கு வீட்டுக்குப் போய் தங்கள் நட்சத்திரத்தையும் தோரணத்தையும் பிரித்துப் பார்த்து, மறுநாள் எங்கள் வாசலில் துண்டுகளோடு நின்றார்கள். ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

கடைசியில் சபைப் பெண்கள் சங்கத்துச் செயலாளர் கரோலின் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சனிக்கிழமை கூட்டம் போட்டு, நூலாசிரியரையே அழைத்து அவர் வாயால் கேட்பது, வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பது. உங்களுக்குப் போன் செய்ததும் அவர்கள்தான். அரை மணி நேரத்தில் நீங்கள் இங்கே அழைத்தீர்கள். பதினோரு வருஷம் ஆகியும் என்னை ஒருத்தர் கேட்டிருக்காங்களே என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது, அத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கு மனசு மிகவும் கஷ்டமாகப் போயிற்று. ஜெபகனி, "சரிண்ணே, தூசி தட்டி வைக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தட்டுவதற்குத் தூசி மட்டுமே இருந்தது. அதை உங்களிடம் போனில் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லாததால் இந்த விரைவுத் தபால்.

ஆயினும் கலங்க வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்டு எங்களுக்கு அன்பளித்த பிரதி, ஹாலில் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்து மறுபதிப்பே போட்டுவிடலாம். கணவனானவன் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதில் பார்த்துச் சொல்லியிருப்பேன். நூலாசிரியர் இருக்கும்போது நான் முந்திக்கொள்வது முறையில்லை என்று விட்டுவைத்தேன்.

மதினிக்கு எங்கள் அன்பு. உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்து, எங்கள்மேல் கோபம் வராதபடி உங்கள் இருதயத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வேதமாணிக்கம்.

பி.கு.: மேலே கண்டதில் ஒரு திருத்தம். உறை ஒட்டுமுன் அந்தப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். கனம் குறைவாக இருந்தது. அட்டையைத் திறந்தால் உள்ளே தாள்களைச் சதுரமாக வெட்டிக் குழியாக்கி முட்டுவலி மாத்திரைகளை அடுக்கி வைத்திருக்கிறாள். புத்தகத்தைப் பெட்டியாக்குவதும் செல்போன் பெண்மணி சொல்லிக்கொடுத்ததுதானாம். ஆகவே முழுப் பிரதி எதுவும் இல்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, கூடப்பிறந்தவன் எழுதியது என்று உனக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் உண்டா என்று கேட்டுவிட்டேன். அவள் பீரோவைத் திறந்து, சேலைத்துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். எல்லாம் உங்கள் புத்தகத்தின் ஒரே தாள், சமர்ப்பணப் பக்கம். 'பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, பீடி சுற்றி என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிய தங்கை ஜெபகனிக்கு' என்று அச்சிட்டிருந்தது. இது எனக்குத் தெரியாது, அத்தான். அவளும் சொன்னதில்லை, நானும் உங்கள் புத்தகத்தைத் திறந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. "அதுல எம் பேரு போட்டிருக்கு. அதைப் போயி எப்படி வெட்ட?" என்றாள். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பத்தொன்பது இருக்கின்றன. உங்களுக்கு ஒன்று கேட்டேன், தரமாட்டாளாம்.