பரண் காட்சி இசை குறித்து மாப்பிள்ளைக்குக் கடைசிக் கடிதம்

பர்பாங்க், கலிஃபோர்னியா
ஞாயிற்றுக்கிழமை

மாட்சிமை பொருந்திய மாப்பிள்ளை கார்லண்ட் ஹிக்பி அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் ஆல்டன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமாக இல்லை. அங்கு பேக்கர்ஸ்ஃபீல்டில் நீங்கள் ஊர் மெச்ச நலமாக இருப்பதை இன்று காலை நம் பேய்ப்பட இசை ரசிகர்களின் இணையக் குழுவில் பார்த்தேன். பார்த்ததிலிருந்துதான் எனக்கு நலமில்லை. என் தங்கை லோரெய்ன் நலமா? உங்களோடு குடித்தனம் நடத்துகிறவளைப் பற்றி அப்படிக் கேட்பது நியாயமில்லைதான், இருந்தாலும் கேட்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

நமக்குள் என்ன சண்டை என்று வெளி ஆள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். 'ஈரச்சுவர்' என்றொரு பேய்ப்படம், அதற்கு எட்மண்ட் வாஸ்கோவின் இசை. அதன் இரண்டாம் பாகத்துக்கு ரோசலிண்ட் கேடி என்ற அம்மாளின் இசை. உங்களுக்கு வாஸ்கோ கடவுள், எனக்குக் கேடி அம்மாள். இரண்டாம் பாகத்தில் கதாநாயகி பரணில் ஏறும்போது வருகிற இசைக்குப் பேய்ப்பட உலகத்திலேயே ஈடு கிடையாது என்று நான் சொல்ல, அது யாரோ ஃபிரிட்ஜைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் என்று நீங்கள் சொல்ல, அது உங்கள் கல்யாண விருந்தில் ஆரம்பித்தது. போன நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோதும் அதே பேச்சு. லோரெய்ன் கரண்டியை மேசையில் போட்டுவிட்டு, "ரெண்டு பேரும் கராஜுக்குப் போங்க. அங்க அடிச்சிக்கிட்டுச் சாவுங்க. வான்கோழி ஆறுது" என்றாள். நாம் போனோம். அடித்துக்கொண்டோம். வான்கோழி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்த வருடம் இரண்டாம் பாகத்து இசையின் விரிவாக்கப் பதிப்பு சிடியாக வருகிறது என்று தெரிந்ததும் நான் இரண்டு வாங்கினேன். ஒன்று கேட்க, ஒன்று உறை பிரிக்காமல் அலமாரியில் வைக்க. அது மனிதர்கள் செய்கிற காரியம். பிடிக்காத இசைக்கு நீங்களும் ஏன் இரண்டு வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, "திட்டுறதுக்கும் ஆதாரம் வேணும்ல மச்சான்" என்றீர்கள். சரி. பெட்டி வந்தது, பிரித்தேன், போட்டேன். பரண் காட்சி இசையைக் காணோம்! தலைப்பு வரும்போது ஒலிக்கிற இசை இருக்கிறது, கிணற்றுக்காட்சி இருக்கிறது, கதாநாயகி முட்டை பொரிக்கிற இடத்தில் நாலு விநாடி டொய்ங் என்று வருமே, அதுகூட இருக்கிறது. பரண் மட்டும் இல்லை. படத்தில் சேராத துண்டுகளைப் போட்டிருந்த இரண்டாவது சிடியில், கடைசியாக, 'பரண்' என்ற பெயரில் முன்பின் கேட்டிராத ஏதோ ஒன்று டிங், டிங் என்று நின்று நின்று ஓடியது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் போன் செய்தால் சந்தோஷத்தில் உங்களுக்கு மூச்சே வரவில்லை. "பாத்தீங்களா மச்சான், போட்டவனுக்கே வெக்கமா இருந்திருக்கு! விட்டுட்டான்!"

அதனால்தான் இங்கே டெல்ஃபினாவின் இசைத்தட்டுக் கடைக்குக் கேடி அம்மாளே வந்து கையெழுத்துப் போடப்போகிறார் என்று தெரிந்ததும், நேரில் கேட்டுவிடுவதென்று நான் முடிவு செய்தேன். நான். அதாவது ஆல்டன் பர்க்ஹால்டர். நீங்கள் மலை தாண்டிக் காரோட்டி வந்து, பீன்ஸ் போட்ட என் வீட்டுச் சில்லிக் குழம்பை மூன்று கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டே, "நான் வாயத் தொறக்க மாட்டேன் மச்சான், சத்தியமா" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வாயில் பீன்ஸை வைத்துக்கொண்டு செய்த சத்தியம் செல்லாது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

கடை நிறையக் கூட்டம். சிவப்புக் கண்ணாடி போட்ட, சின்ன உருவம் கொண்ட அந்தப் பெரிய மனுஷி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேள்வி கேட்கலாம் என்று டெல்ஃபினா மைக்கை நீட்டுகிறாள். நான் தொண்டையைச் செருமுகிறேன். அதற்குள் மைக் உங்கள் கையில்!

"மேடம், இவரு என் மச்சான். படத்துல வர்ற அந்தப் பரண் மியூசிக்கைச் சாமி மாதிரி கும்புடுறாரு. அது ஏன் இதுல இல்ல? அதுக்குப் பதிலா ரெண்டாவது சிடி கடைசியில, பூனை பியானோ மேல நடந்த மாதிரி ஒண்ணு இருக்கே, அது என்ன எழவு?" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. அதோடு விட்டீர்களா? என் பக்கம் திரும்பி, "இல்லையா மச்சான்?" என்றீர்கள். அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு மனிதன் என்ன செய்வான்? தலையை ஆட்டினேன். அந்த அம்மாள் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "படத்துல வர்றது என்னோடது இல்லப்பா. நான் போட்டது டைரக்டருக்குப் பிடிக்கல. தூக்கிப் போட்டுட்டு, முதல் பாகத்து டேப்பை எடுத்துப் பாதி வேகத்துல ஓட விட்டாரு. அது வாஸ்கோவோடது. எங்கிட்ட யாரும் சொல்லல. படம் ரிலீஸ் அன்னிக்குத் தியேட்டர்ல உக்காந்துதான் தெரிஞ்சிக்கிட்டேன். வெளிய வந்ததும் எல்லாரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினாங்க. நானும் தேங்க்ஸ் தேங்க்ஸ்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போனேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொன்ன பூனை நான்தான்."

மாப்பிள்ளை, நான் இத்தனை காலம் கும்பிட்டது உங்கள் வாஸ்கோவை. நீங்கள் இத்தனை காலம் ஃபிரிட்ஜ் என்று காறித் துப்பியதும் உங்கள் வாஸ்கோவைத்தான். அந்த நிமிடம் உங்கள் முகத்தைப் பார்த்தேன். சீல் பிரித்த பிறகு பெட்டி காலி என்று தெரிந்தவனுடைய முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

டெல்ஃபினா அந்தக் கடைசித் துண்டைக் கடை ஒலிபெருக்கியில் போட்டாள். முழுதாக. பியானோவின் உள்ளே கம்பியை யாரோ நகத்தால் தொடுகிறார்கள். நிறுத்துகிறார்கள். மறுபடி தொடுகிறார்கள், கொஞ்சம் கிட்டே. சத்தம் வருகிற இடத்தில் பயமே இல்லை. அது நிற்கிறதே, அப்போதுதான் பரணில் ஏதோ ஒன்று நம்மைக் கவனிப்பது தெரிகிறது. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற கடையில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே எனக்கு முதுகு சில்லிட்டது. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். பிடித்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பயந்த மனிதனைக் கேலி செய்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

முடிந்ததும் முதலில் யாரும் கைதட்டவில்லை. அப்புறம் நிறுத்தவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நீங்கள் எங்கே போனீர்கள்? பழைய இசைத்தட்டு அடுக்குக்குப் பின்னால். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "தலைய ஆட்டினது நீங்கதானே?" என்றார். "ஆமாம்மா." "கழுத்து நல்லா ஆடுது. பத்திரமா வெச்சுக்குங்க." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த வயதில் இதைவிட மரியாதையாக எனக்கு யாரும் செருப்படி கொடுத்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கார் நிறுத்துமிடத்தில் நீங்கள் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னீர்களே: "யோசிச்சுப் பாத்தா மச்சான், எனக்கு அது முதல்லேருந்தே புடிச்சிருந்துச்சு."

"பூனைன்னீங்களே!"

"பூனைன்னா மட்டமா? பூனை எவ்வளவு நளினமா நடக்கும்!"

நான் வீட்டுக்கு வந்தேன். இன்று காலை குழுவைத் திறந்தால் உங்கள் பதிவு: 'பரண் காட்சியின் உண்மையான இசை கேடி அம்மையாருடையதே என்பதைப் பல ஆண்டுகளாகத் தன்னந்தனியனாகச் சொல்லி வருகிறேன்.' பல ஆண்டுகளாகவா? அந்தத் துண்டு உலகத்துக்கு வந்தே மூன்று வாரம்தானேடா ஆகிறது! தன்னந்தனியனாகவா? பக்கத்தில் நின்று தலையை ஆட்டி அவமானப்பட்டவன் யாருடா, உங்கள் கார் டயரா? அதன் கீழே ஊர்ப்பட்ட பாராட்டு. நார்வேக்காரன் ஒருவன் உன்னைத் தீர்க்கதரிசி என்கிறான், கார்லண்ட்! தீர்க்கதரிசி! வாயில் பீன்ஸோடு!

மரியாதை குறைந்ததற்கு மன்னிக்கவும். கோபத்தில் கை நழுவிவிட்டது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். இனி நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நவம்பர் விருந்துக்கு லோரெய்ன் மட்டும் வரட்டும். நீங்கள் உங்கள் நார்வே நண்பரோடு சாப்பிட்டுக்கொள்ளுங்கள். 'ஈரச்சுவர்' என்ற சொல்லை என் காதுபட இனி உச்சரிக்கக் கூடாது.

என் தங்கை எல்லா வளமும் பெற்று, முக்கியமாகப் பொறுமை குறையாமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் வீட்டு நாய்க்கு என் அன்பு. உங்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பட்ட அவமானத்தில் பாதிக்கு உரியவனான
ஆல்டன் பர்க்ஹால்டர்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனவன் கை சும்மா இராமல் குழுவை மறுபடி திறந்து தொலைத்தேன். "உங்களைப் போலவே அப்போதே இதை உணர்ந்தவர்கள் வேறு யாராவது உண்டா?" என்று அந்த நார்வேக்காரன் கேட்டிருந்தான். நல்ல மனிதனாகத் தெரிகிறான். நீங்கள் முந்திக்கொள்வதற்குள், "நானும் என் மாப்பிள்ளையும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்துதான் சொல்லி வருகிறோம்" என்று பதில் போட்டுவிட்டேன். மறுத்து மானத்தை வாங்கிவிடாதீர்கள். எந்த வருடத்திலிருந்து சொல்லி வருகிறோம் என்று அவன் அடுத்ததாகக் கேட்பான். இந்த வாரமே கிளம்பி வாருங்கள், உட்கார்ந்து பேசி ஒரு வருடத்தை முடிவு செய்துவிடுவோம்.