ஆணி அடிக்க அனுமதி உண்டா?

மதுரையில் டூலெட் அண்ணன் ஏறி இறங்காத மாடிப்படி என்று ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பசுமலையிலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் எந்த வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கினாலும் மறுநாள் காலை அவருடைய ஸ்கூட்டர் அங்கே நிற்கும். அவருக்கு வீடு தேவையா என்பது வேறு விஷயம். பெரும்பாலும் தேவைப்படாது. சிலர் பொழுது போக சினிமாவுக்குப் போகிறார்கள். இவர் காலி வீடு பார்க்கப் போவார்.

உள்ளே போனதும் குழாயைத் திறந்து பார்ப்பார். ஜன்னலைச் சாத்தித் திறப்பார். சமையல் மேடையில் முழங்கையை ஊன்றி, வெங்காயம் நறுக்குகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். கடைசியில், வீட்டுக்காரர் காபியை நீட்டும் நேரமாகப் பார்த்து அந்தக் கேள்வியைப் போடுவார்.

"சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிறலாமாண்ணே?"

நம் ஊர் வீட்டுக்காரர்கள் பல விஷயங்களில் பல மாதிரி. மீன் குழம்பு வைக்கலாம் என்பவர் உண்டு, வாசம்கூட வரக்கூடாது என்பவர் உண்டு. ஆனால் ஆணி என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே கட்சி. தன் மீதே அடிக்கப்போகிறார்கள் என்பதுபோல ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

"ஆணி மட்டும் வேணாம் சார். இப்பத்தான பெயிண்ட் அடிச்சிருக்கு."

ஆணிக்குக் காரணம் ஒரு கல்யாணப் படம். அண்ணனும் அவர் மனைவியும் மாலையும் கழுத்துமாக நிற்பது. மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே டீச்சர். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் உற்சாக மிகுதியில் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடியும் தேக்குச் சட்டமும் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு சாதாரண ஆணி தாங்காது. சுவரைக் குடைந்து பெரிய ஆணியாக இறக்க வேண்டும். எந்த வாடகை வீட்டிலும் அதற்கு இடமில்லை. ஆகவே கல்யாணமான மறுவாரத்திலிருந்து படம் பீரோவுக்குப் பின்னால், போர்வை சுற்றி, சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. வீடு மாற்றும்போது மட்டும் மினி லாரியில் வெளிக்காற்று வாங்கும்.

"எங்க கல்யாணத்தப் பல்லி மட்டும்தான் தம்பி பாத்திருக்கு" என்பார் டீச்சர்.

போன வருடம் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அன்று மாலையே அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல என் குழாயை ஒருமுறை திறந்து மூடிவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு வெப்சைட் வேணும். பாத்த வீட்டப் பத்தியெல்லாம் எழுதிப் போடணும். முகப்புல அந்தப் படம். அதுக்குன்னு ஒரு சுவரு. எவனும் வந்து இறக்குன்னு சொல்லக் கூடாது. இந்த வீட்டக் காலி பண்றதுக்குள்ள நடக்கணும்."

"ஏண்ணே இம்புட்டு அவசரம்?"

"ஒரு தடவையாச்சும் நம்ம படம் மாட்டுனதுக்கப்புறம் சாமானத் தூக்கணும்ல."

என்னிடம் ஏன் வந்தார் என்றால், நான் ஒரு காலத்தில் வலைப்பூ நடத்தியவன். அதைப் படித்தவர்களில் என் மனைவி சேர்த்தி இல்லை. கடைசியாக அதில் நான் எழுதியது, 'இனி அடிக்கடி எழுதுவேன்.' இந்தத் தகுதியை வைத்துத் தெருவில் என்னைக் கணினி நிபுணர் என்று நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

முதலில் இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தைக் காட்டினேன். அண்ணன் முகம் சுருங்கியது.

"வாடகையே வேணாங்கிறானா? அப்ப வீட்டுல ஏதோ இருக்கு தம்பி."

இருக்கத்தான் செய்தது. நம் பக்கத்தின் தலையில் அவர்கள் விளம்பரம் வரும். அதோடு, நம் பெயருக்குப் பின்னால் அவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டுதான் முகவரியே கிடைக்கும்.

"கல்யாணப் படத்துக்கு மேல எவனோ முடி எண்ணெய் விக்கிறதா? விலாசத்துல கேர் ஆஃப் வேறயா? கேர் ஆஃப் போட்டு வாழ்ந்தது போதும். அடுத்த வீட்டக் காட்டு."

அடுத்தது கட்டண இடம். ஒரே சர்வரில் பல வலைத்தளங்கள் சேர்ந்து குடியிருக்கும், அதனால் மலிவு என்று விளக்கினேன். சர்வர் என்றால் எப்போதும் அணைக்காமல் வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் என்றும் சொன்னேன். அண்ணனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"காம்பவுண்டு வீடுன்னு சொல்லு. பக்கத்துப் போர்ஷன்ல யாரு?"

"அதெல்லாம் தெரியாதுண்ணே."

"தெரியாம எப்பிடிக் குடி போறது? அவுக வீட்டுக்கு விருந்தாளி நெறைய வந்தா நமக்குத் தண்ணி வராதுல்ல?"

நான் சிரித்துவிட்டு, பிறகு தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அப்படித்தானாம். பக்கத்துத் தளத்தில் கூட்டம் முண்டியடித்தால் நம்முடையது மெதுவாகும். சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். "நமக்கு வர்ற கூட்டத்துக்கு இது போதும்ணே" என்றேன். அனுபவத்தில் சொன்னது என்பதால் அவரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, பக்கங்களை எதை வைத்துக் கட்டுவது? படத்தை இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் ஒரு கருவியைக் காட்டினேன். கட்டில், பீரோ, திரைச்சீலை எல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்த வீடு மாதிரி. அண்ணன் தலைப்பைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளப் பார்த்தார். அது நகர மறுத்தது.

"பீரோவ நகத்தக் கூடாதாமா? சரி, காலி பண்ணும்போது எழுதுனத எடுத்துட்டுப் போக விடுவானா?"

விதிமுறைகளைப் படித்தேன். அப்படியே எடுத்துப் போக முடியாது என்று தெரிந்தது.

"சாமான வச்சுக்கிட்டு நம்மள மட்டும் அனுப்புவானா! இதுக்கு எங்க பழைய வீட்டுக்காரனே தேவலாம். அட்வான்ஸத்தான் இழுத்தடிச்சான், அண்டாவக் குடுத்துட்டான்."

எனவே ஒரு கருவியும் வேண்டாம், சாதாரணக் கோப்புகளாகக் கையாலேயே எழுதிவிடுவது என்று முடிவாயிற்று.

"காலி பண்ணுனா ஒரே ஆட்டோல ஏறிருமா?"

"சட்டப் பையில ஏறிரும்ணே."

அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக இடம் மாறும் சாமானைப் பார்த்ததில்லை. அந்தக் கோப்புகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தலைப்பை அழுத்திக் காட்டப் போட்ட ஒரு குறியை மூட மறந்ததில் பரவையிலிருந்து பசுமலை வரை எல்லா வீடுகளும் தடித்த எழுத்தில் கத்தின. அண்ணனுக்கு அதுவும் பிடித்திருந்தது. திருத்த விட மாட்டேன் என்றார். குறிப்புகள் மட்டும் அவர் சொல்லச் சொல்லத் தட்டியவை: 'பரவை. மார்க்கெட் பக்கம். காற்று உண்டு. காற்றில் வெங்காயம் உண்டு.' 'ஒத்தக்கடை. புது வீடு. தும்மினால் சுவர் பதிலுக்குத் தும்முகிறது.'

இனி தளத்தின் பெயரைப் பதிவு செய்ய வேண்டியதுதான். டீச்சரும் வந்து உட்கார்ந்தார். கேட்ட பெயர் உடனே கிடைத்தது. உலகத்தில் வேறு யாருக்கும் அது தேவைப்பட்டிருக்கவில்லை. பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில், திரையின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தை அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"வருசா வருசம் புதுப்பிக்கணும்னு போட்டிருக்கே. அப்ப இதுவும் வாடகதானா?"

"ஆமாண்ணே. பேரும் வாடகைதான், இடமும் வாடகைதான்."

அண்ணன் எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினார். இந்தப் பூமியிலேயே நாமெல்லாம் வாடகைக்குத்தானே இருக்கிறோம் என்கிற ரீதியில் நான் ஏதோ தத்துவம் ஆரம்பித்தேன். என் தத்துவங்களுக்கு உண்டான மரியாதை அதற்கும் கிடைத்தது. ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது.

"இங்க வாங்க" என்றார் டீச்சர், வகுப்பிலிருந்து நழுவும் பையனைக் கூப்பிடுகிற குரலில். "இத்தன வருசம் என்ன அரமனையிலயா இருந்தோம்? வாடகன்னா வாடக. ஆணி அடிக்க விடுவாங்களான்னு மட்டும் கேளுங்க."

கட்டண இடம் தரும் அந்த நிறுவனத்தின் விசாரணைப் பெட்டியைத் திறந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டினேன்: முகப்பில் ஒரு பெரிய கல்யாணப் படம் நிரந்தரமாக இருக்கும், ஆட்சேபணை உண்டா? எதிர்முனையில் இருந்தவர் இப்படிப்பட்ட கேள்வியை அதுவரை பார்த்திருக்க மாட்டார். சற்றுத் தாமதமாகப் பதில் வந்தது. 'அது உங்கள் இடம். என்ன படம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.'

அண்ணன் அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"என் ஆயுசுல இப்பிடி ஒரு வீட்டுக்காரனப் பாத்ததில்ல தம்பி" என்று செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் படத்தை அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், போர்வையைப் பிரித்து, வெயிலில் நிறுத்தினோம். நான் செல்போனில் படம் எடுத்தேன். அதை வலைத்தளத்தின் முகப்பில் ஏற்றிய நேரத்துக்குக் கணக்காக டீச்சர் அடுப்பில் பால் பொங்க விட்டார். புதுக் குடித்தனம் அல்லவா? காலி பண்ணுவதற்கு முந்தின நாள் அது. மூவரும் பால் குடித்தபடி திரையைப் பார்த்தோம்.

அப்போதுதான் கவனித்தேன். சட்டத்தின் கண்ணாடியில் என் பிம்பம் விழுந்திருக்கிறது. மணமகனுக்கும் மணமகளுக்கும் நடுவே, வழுக்கையும் தொந்தியுமாக, செல்போனை உயர்த்திப் பிடித்தபடி மங்கலாக நான்.

"அய்யய்யோ, நாளைக்கே திரும்ப எடுத்துருவோம்ணே."

அண்ணன் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் அண்ணன். "எங்க கல்யாணத்துக்கு நீ வரலைல்ல."

இப்போது அவர்கள் ஒத்தக்கடைப் பக்கம் குடியிருக்கிறார்கள். அங்கேயும் ஆணி கூடாது. வலைத்தளத்தின் வாடகைத் தேதி நெருங்கும்போது நான்தான் முந்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்துகிறேன். அவர் காலி பண்ணிவிட்டால், நானும் அல்லவா வெளியே போக வேண்டும்?