ஹார்ன் அடித்ததால் கொட்டியது

மிச்சிகன், ஜனவரி 1978

அன்புத் தம்பி உர்ஹோவுக்கு, அண்ணன் வைனோ சொல்லச் சொல்ல மருமகள் இர்மா எழுதுவது. என் இடது முட்டி தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் அனைவரும் சுகமாயிருக்க வேண்டும். டெலிபோனில் சொல்லியிருப்பேன், உன் லைனில் சேர்ந்திருக்கிற எட்டு வீடும் ஒட்டுக்கேட்கிறது.

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள். நாற்பத்தோரு வருஷம் டிப்பர் ஓட்டி தார்க்கலவை அடித்தவன் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததேயில்லை. உனக்குத் தெரியும், அக்டோபர் முடிந்து தரை உறைந்ததும் கலவை ஆலையில் நெருப்பை அணைத்துவிடுவார்கள், மே மாதம்தான் திரும்ப மூட்டுவார்கள், ஆறு மாசச் சம்பளத்தில் பன்னிரண்டு மாசம் சாப்பிட வேண்டும். கவர்மெண்டு கொடுக்கிற வேலையில்லாக் காசு வாடகைக்கே காணாது. அதனால் என் மகன் ரெய்னோ பயலுக்கு இந்தக் குளிர்காலத்தில் டவுன் பனியை அள்ளி ஏரிக்கரையில் கொட்டுகிற வேலை கிடைத்தது நம் குலதெய்வம் கண் திறந்த மாதிரி. (நமக்கு ஏது குலதெய்வம் மாமா என்கிறாள் இர்மா. நீ எழுதம்மா.)

திங்கட்கிழமை ரெய்னோ ஓட்டுகிறான், நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி நிறையப் பனி, ஒட்டாமல் வழுக்கட்டும் என்று கோடையில் தாருக்குச் செய்கிற மாதிரியே உள்ளே டீசல் தடவியிருந்தது. பேக்கரி முன்னால் சிகப்பு விளக்கு. நின்றோம். விளக்கு பச்சையானதைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். ஒரே ஒரு ஹார்ன். தார் போடுகிற மெஷின்காரன் பின்னால் நின்று ஒரு ஹார்ன் அடித்தால் பெட்டியைத் தூக்கு என்று அர்த்தம், இன்னொன்று அடித்தால் மெள்ள முன்னே போ என்று அர்த்தம். மனுஷனுக்கு மூளை கேட்பதற்கு முன்னால் கை கேட்டுவிடுகிறது தம்பி. பின்கதவுக் கொண்டி திறந்தது, லீவர் இழுத்தது, பெட்டி எழும்பியது, மொத்தப் பனியும் ஒரே வழுக்கில் கார் மேலே! உள்ளே இருந்தவன் பயத்தில் திரும்ப ஹார்ன் அடித்தான். அடிக்கலாமா? மெள்ள முன்னே போனது வண்டி. மூன்றாவது ஹார்ன், இன்னும் முன்னே. மிச்சமெல்லாம் ரோடு போட்ட மாதிரி முழ உயரத்துக்கு ஒரே சமமாக விழுந்துகொண்டே வந்தது, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. தூக்கின பெட்டியில் கிறிஸ்துமஸுக்குக் கட்டின விளக்குச் சரம் மாட்டி, ரெண்டு கம்பம் சாய்ந்து, பேக்கரிக்காரி வெளியே வந்து, "ஏ கெம்ப்பைனன், ரோடு போட இன்னும் நாலு மாசம் இருக்குய்யா!" என்று கத்தினாள்.

தோண்டி எடுத்தால் யார் என்கிறாய்? சாலைக் குழுத் தலைவர் கார்டன் ட்ரெவாரோ. கையில் கறி அடைத்த பேஸ்டி, பாதி தின்றது. "எவன்டா அவன்? எவன்டா?" என்று அதை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார், உருளைக்கிழங்கு தெறிக்கிறது. ரெய்னோ, "நான்தாங்க"ன்னான். "இனிமே உனக்கு மண்வெட்டிகூடக் கிடையாது, வியாழக்கிழமை கூட்டத்துல பேர அடிக்கிறேன் பாரு"ன்னுட்டார். இவர் அப்பன் 1936-ல் எனக்கு வித்த கறுப்புக் குதிரைக்கு ஒரு கண் தெரியாது, நான் ஏதாவது கத்தினேனா?

அந்தக் குழுவில் நீயும் ஒரு மெம்பர், ஓட்டுக்குத் தூக்க உனக்கும் ஒரு கை உண்டு. பயல் கவனக்குறைவானவன்தான், என் கிட்டே கற்றும் இப்படி ஆகிவிட்டான், வெட்கமாயிருக்கிறது. 1949 ஜூலை பதினெட்டு, திங்கட்கிழமை, ஒரே நாளில் இருபத்திரண்டு லோடு அடித்தேன், ஒரு கரண்டி சிந்தவில்லை. இருந்தாலும் நாலு பிள்ளைக்காரன். வேலை போனால் மே மாசம் வரை என்ன தின்பார்கள்? ஒரு வார்த்தை சொல்லு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உங்கள் சவுனா நீராவிக் குளியலறை அடுப்பு அணையாமல் எரியட்டும்.

அண்ணன்,
வைனோ கெம்ப்பைனன் (கைநாட்டு)

பின்குறிப்பு: சின்ன மாமா, இது இர்மா. அன்னிக்கு உங்க ரெய்னோ எதிர்க்கடை மாடியில் பல் டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஓட்டியது மாமாதான். சத்தம் கேட்டு இவர் கழுத்துத் துணியோடு ஓடிவந்து, ட்ரெவாரோவைத் தோண்டி முடிப்பதற்குள் டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டார், பிப்ரவரியில் அப்பாவுடைய லைசென்ஸைப் புதுப்பிக்கணுமாம். சொல்லாவிட்டால் இவருக்கு வேலை போகும், சொன்னால் மாமாவுக்கு லைசென்ஸ் போகும். எனக்கு நாலு பிள்ளை, சொல்கிறேன். மாமா எதிரே உட்கார்ந்து, "எல்லாரையும் விசாரிச்சதா எழுத இவ்வளவு நேரமா?" என்கிறார். உங்கள் ஆறு பிள்ளைகள் பேரையும் தனித்தனியாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மூத்தவனுக்கு இன்னும் ரெண்டு வரி சேர்த்துப் போடச் சொல்கிறார்.