சரஸ்வதிக்கு வெட்டிய கோல்டன்றொட்

நல்ல பெயர் எடுக்கத் துடிப்பவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கக் கூடாது. என் கையில் அதைக் கொடுத்தவர், எனக்கு மாமியாராக வரவிருந்த அன்ரி.

அன்று மில்லிக்கனில் அவர்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. நகரின் மறுகோடி ரெக்ஸ்டேலில் இருந்து வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தேன். (பக்தி என்று நினைத்துவிடாதீர்கள்.) என்னைக் கட்டச் சம்மதமா என்பதைப் பூசை முடியச் சொல்வதாக மகள் நிவேதா சொல்லியிருந்தாள்.

"கடையிலை வெள்ளைப் பூ முடிஞ்சுதாம் தம்பி. சரஸ்வதிக்கு வெள்ளைதானே விசேஷம்," என்று அன்ரி கவலைப்பட்டார்.

"உதுக்கேன் யோசிக்கிறியள்? முன்வளவிலை கிடக்கு. நான் கொண்டுவாறன்."

முன்வளவில் புல் வெட்டாமல் விட்ட ஒரு மூலை. அங்கே உயரமான தண்டுகளில் நெருக்கமாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தேனீக்களைக் கலைத்துவிட்டு ஒட்ட நறுக்கினேன். பாதியை விட்டால் வடிவாக இராது என்று மிச்சத்தையும் வெட்டினேன். (என் சுறுசுறுப்பு அப்படி.) "பொறுப்பான பிள்ளை," என்றார் அன்ரி. நான் மனதுக்குள் கலியாண மண்டபமே பிடித்துவிட்டேன்.

வேலையால் வந்த நிவேதா சாமியறை வாசலில் அப்படியே நின்றாள்.

"ஆர் என்ர கோல்டன்றொட்டை வெட்டினது?"

"அது மஞ்சளாயெல்லோ பூக்கும்?" என்று வாதாடினேன்.

"இது வெள்ளையாப் பூக்கிற சாதி. குளிர் பட்டால்தான் முளைக்குமெண்டு விதையை மீன்குழம்புக்குப் பக்கத்திலை பிரிஜ்ஜிலை வைச்சு முளைக்கப் பண்ணினனான். இப்பதான் பெர்ஸ்ற் ரைம் பூத்தது! எல்லாத்தையுமா வெட்டினனீங்கள்?"

"ஓம்," என்றேன்.

பூசை முடிந்தது. நான் சுண்டலை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அன்ரி மெல்ல, "பிள்ளை, தம்பிக்கு என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார்.

"வேர் உயிரோடை இருந்தால் வாற வருஷமும் பூக்கும். பூக்கட்டும், சொல்லுறன்."

அந்தக் குளிர்காலம் முழுவதும், அந்த மூலையை மூடிய ஒரு பனிக்குவியலைப் பார்ப்பதற்காகவே மில்லிக்கனுக்குப் போய்வந்தேன். அன்ரி தேத்தண்ணி தருவார். நான் யன்னலால் பனியைப் பார்ப்பேன். ஒரு செடியின் வேருக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட நேர்ந்தேன். இப்போது சிரிப்பாக இருந்தாலும், அப்போது உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கோடை முடிகிற நேரம் அது பூத்தது. நிவேதா படம் எடுத்து அனுப்பினாள். கீழே சம்மதம் என்று ஒரே சொல்.

இப்போது யூனியன்வில்லில் எங்கள் வீட்டிலும் அதே செடி நிற்கிறது, கம்பி வேலிக்குள். வருகிறவர்கள் எல்லாரும், "முயலுக்கோ வேலி?" என்று கேட்பார்கள்.

"முயல் பாவம், அளவாய்த்தான் தின்னும்," என்று சொல்லிவிட்டு, நிவேதா என்னைக் காட்டுவாள்.